அறுந்த நரம்பும் அறாத பண்ணும்

முஸ்லிம் ஸ்பெயினைப் பற்றி நாம் படித்தவை பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிந்துவிடும். 1492 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2 ஆம் நாள், கிரனாடாவின் கடைசி அரசர் அபூ அப்துல்லாஹ் அந்நகரைக் கத்தோலிக்க மன்னர்களிடம் ஒப்படைத்த நிகழ்ச்சியே அந்த இடம். 711 இல் தொடங்கிய ஆட்சி அன்று முடிந்தது. அத்துடன் நூலை மூடிவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் ஓர் ஆட்சி முடிந்த நாளில் அந்த மக்களின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. அவர்கள் பேசிய மொழி, சமைத்த உணவு, திருமண வீடுகளில் பாடிய பாட்டு ஆகியவை எங்கே போயின? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளுள் பாட்டைப் பற்றிய விடை வியப்புக்குரியது. அது கடலைக் கடந்து மொரோக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் துனீசியாவுக்கும் சென்று ஐந்து நூற்றாண்டுகளாக உயிரோடிருக்கின்றது. நம் காலத்தில், குளிர் மிகுந்த நார்வே நாட்டிலிருந்து வந்த ஒரு குழுவினர் அதனை ஐரோப்பாவின் பரோக் இசையோடும் அமெரிக்காவின் ஜாஸ் இசையோடும் சேர்த்து அமர்த்தியிருக்கின்றனர்.

இசை பற்றிய மார்க்கச் சட்டத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தொன்றுதொட்டு உண்டு. நான்கு மத்ஹபுகளின் சட்ட அறிஞர்களுள் பெரும்பாலோர் நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் கண்டித்துள்ளனர். குர்துபாவில் 994 இல் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம், தடையைக் குறிக்கும் நபிமொழிகளின் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து மாறுபட்ட முடிவுக்கு வந்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, நிபந்தனைகளோடு பேசினார். அந்த விவாதத்தைத் தீர்க்கும் தகுதி இக்கட்டுரைக்கு இல்லை. இங்கே கூறப்படுவது வரலாறு. ஒரு சமூகம் தன் நினைவை எவ்வாறு காத்தது என்னும் வரலாறு.

பக்தாதிலிருந்து குர்துபாவுக்கு

822 ஆம் ஆண்டில் அப்பாசிய பக்தாதின் இசை மரபில் பயின்ற ஒருவர் குர்துபா நகருக்கு வந்து சேர்ந்தார். அபுல் ஹஸன் அலீ இப்னு நாஃபிஃ என்பது அவர் பெயர். கரிய பறவையின் பெயரால் ஸிர்யாப் என்று அழைக்கப்பட்டார். அந்த ஆண்டில்தான் அரியணை ஏறியிருந்த அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்று ஆதரித்தார். ஊத் என்னும் யாழ் போன்ற கருவியின் நான்கு நரம்புகளோடு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தார், மரச் சில்லுக்குப் பதிலாகக் கழுகின் இறகால் மீட்டினார், பாட்டுப் பயிற்றும் முறையை வகுத்தார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கூறுவர்.

இச்செய்திகளுள் பலவற்றை நமக்குத் தருபவர் திலிம்ஸானில் பிறந்து 1632 இல் மறைந்த அல்மக்கரி என்னும் வரலாற்றாசிரியர். ஸிர்யாப் காலத்துக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து, பழைய நூல்களைத் துணைக்கொண்டு எழுதியவர் அவர். ஊதின் சில நரம்புகள் சிங்கக் குட்டியின் குடலால் முறுக்கப்பட்டவை என்பது போன்ற செய்திகளில் புராணத்தின் மணமும் சற்றுக் கலந்திருக்கின்றது. ஆயினும் ஒன்று உறுதி. பக்தாதின் பயிற்சியும் ஸ்பெயின் மண்ணின் வழக்கமும் குர்துபாவில் கலந்தன. பிற்காலத்தார் தூயதெனப் போற்றிய அந்தலூஸிய இசையே, பிறக்கும்போது ஒரு கலப்பாகத்தான் பிறந்தது.

ஒரே பாட்டில் இரு மொழிகள்

கி.பி. 900 ஆம் ஆண்டளவில் அங்கே முவஷ்ஷஹ் என்னும் புதிய பாவகை தோன்றியது. ஒரே எதுகையில் நீண்டு செல்லும் பழைய அரபுக் கஸீதாவைப் போலன்றி, இது கண்ணிகளாகப் பிரிந்து நடக்கும். இதன் இறுதி அடிகளுக்குக் கர்ஜா என்று பெயர். செந்நெறி அரபியில் தொடங்கிய பாட்டின் இந்த இறுதி அடிகள் பல இடங்களில் பேச்சு அரபியிலோ, அந்நாட்டுக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வீதியில் பேசிய ரோமானிய மொழியிலோ, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூற்றாக அமைந்திருக்கும். யூதப் புலவர்கள் இதே வடிவத்தில் ஹீப்ருவில் பாடினர். 13 ஆம் நூற்றாண்டில் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்போன்ஸோ தொகுப்பித்த மர்யம் அன்னையின் பாடல் ஏட்டில், ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் அருகருகே அமர்ந்து இசைக்கும் ஓவியம் இன்றும் உள்ளது.

ஊத் என்பது அல்ஊத் ஆகி, ஐரோப்பாவில் லூட் ஆயிற்று. ரபாப், ரெபெக் ஆயிற்று; வில்கொண்டு இசைக்கும் அக்கருவியின் வழிவந்த உறவாகவே வயலினைக் கருதுகின்றனர். நக்காரா முரசும் பெயரோடு சென்றது.

இதையெல்லாம் கண்டு, அந்தலுஸ் ஒரு சுவனமாக இருந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. 1066 இல் கிரனாடாவில் யூதர்கள் மீது நடந்த கொடுந்தாக்குதலை மறைக்க இயலாது. கவிஞராகவும் இஷ்பீலியாவின் அரசராகவும் விளங்கிய முஃதமித் இப்னு அப்பாதை 1091 இல் அரியணையிலிருந்து இறக்கி மொரோக்கோவின் அக்மாத்துக்கு நாடு கடத்தியவர்கள் முஸ்லிம்களான முராபித்துகளே. பூசல்களுக்கு நடுவிலும் மனிதர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டனர் என்பதுதான் அந்த நாட்டின் பெருமை.

தடுக்கப்பட்ட திருமணப் பாட்டு

கிரனாடாவின் சரணாகதி உடன்படிக்கை முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் வழக்கங்களுக்கும் பாதுகாப்பு அளித்திருந்தது. பத்தாண்டுகள் ஆவதற்குள் அது காற்றில் விடப்பட்டது. கட்டாய ஞானஸ்நானம் நடந்தது. அரபு நூல்கள் பொது வெளியில் எரிக்கப்பட்டன. மதம் மாற்றப்பட்டவர்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர்.

1567 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரனாடாவில் பறைசாற்றப்பட்டது. அரபு பேசக் கூடாது, எழுதக் கூடாது. பெண்கள் முகத்தை மூடக் கூடாது. பொதுக் குளியலிடங்கள் கூடாது. திருமணங்களில் ஸாம்ப்ரா என்னும் பாட்டும் கூத்தும் கூடாது. ஒரு மக்களின் அடையாளத்தை அழிக்க நினைத்தவர்கள் மொழியையும் ஆடையையும் பாட்டையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள்.

இந்த ஆணையை எதிர்த்து முதிய வயதில் ஒரு விண்ணப்பம் எழுதினார் பிரான்சிஸ்கோ நூனெஸ் முலேய் என்னும் மொரிஸ்கோப் பெருமகனார். கிரனாடாவின் முதல் பேராயர் தலவேராவிடம் இளமையில் பணிவிடை செய்தவர் அவர். ஸாம்ப்ரா என்பது நாட்டு வழக்கமே தவிர மதச் சடங்கு அன்று. ஒவ்வொரு நாட்டாருக்கும் ஓர் ஆடையும் ஒரு பாட்டும் இருக்கத்தானே செய்கிறது. பேராயர் தலவேராவே தம் சமய ஊர்வலத்தில் இந்த இசைக்கு இடம் தந்தாரே என்று அவர் வாதாடினார். வாதம் எடுபடவில்லை. 1568 இல் அல்புஹாரா மலைநாட்டில் கிளர்ச்சி வெடித்தது. 1571 இல் அது குருதியில் ஒடுக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

வெளியேறுமுன் அவர்கள் ஒளித்து வைத்தவை பின்னர் வெளிப்பட்டன. 1884 இல் சரகோசா மாநிலத்தின் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மறைவிடத்திலிருந்து கையெழுத்து நூல்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. எழுத்து அரபி, மொழியோ ஸ்பானியம். இவ்வழக்குக்கு அல்ஹமியாதோ என்று பெயர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் பெட்டியில் போற்றி வைத்திருந்த குடும்பத்தார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தாய்மொழியை மார்க்கத்தின் எழுத்தில் எழுதிவைத்த மக்கள் இரண்டு கோடிகளிலும் இருந்திருக்கின்றனர்.

கடல் கடந்த நூபா

அகதிகளாய்ச் சென்றவர்கள் ஃபாஸ், தித்வான், திலிம்ஸான், அல்ஜியர்ஸ், துனிஸ் ஆகிய நகரங்களில் குடியேறினர். அங்கே அந்தலூஸிய இசை நூபா என்னும் பெரு வடிவத்தில் நிலைபெற்றது. ஒரே பண்ணைச் சார்ந்த பாடல்களைத் தாளமில்லாத முன்னுரையில் தொடங்கி, மெல்லிய நடையிலிருந்து விரைந்த நடைக்குக் கொண்டு செல்லும் தொடர் அது. மொரோக்கோவில் 11 நூபாக்கள் பேணப்படுகின்றன. 1800 ஆம் ஆண்டளவில் தித்வானைச் சார்ந்த முஹம்மது அல்ஹாயிக் அப்பாடல்களைத் தொகுத்தார். அத்தொகுப்பே இன்றளவும் அந்நாட்டுக் கலைஞர்க்கு ஆதாரம். அல்ஜீரியாவில் ஸன்ஆ, கர்னாத்தி என்றும், துனீசியாவில் மஃலூஃப் என்றும் இம்மரபுக்குப் பெயர்கள். கர்னாத்தி என்றால் கிரனாடாவுக்கு உரியது என்று பொருள். ஊர் போயிற்று, ஊரின் பெயர் பாட்டில் தங்கிவிட்டது.

காப்பாற்றும் கடமையே பெரிதாகிவிட்ட மரபில் ஓர் இடர் உண்டு. ஒரு சொல்லும் பிறழாமல் ஓதிக்கொடுக்கும் ஆசான்கள் இல்லையேல் இது அழிந்திருக்கும். அதே வேளையில், எதையும் தொடாமல் வைத்திருந்தால் பாட்டு பேழைக்குள் வைத்த பொருளாகிவிடும் என்னும் அச்சமும் இளையோரிடம் எழுந்தது. இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில்தான் புதிய முயற்சிகள் தோன்றின. 1985 இல் ஸ்பெயினின் ஃபிளமென்கோ பாடகர் லெப்ரிஹானோ, தன்ஜா நகரின் அந்தலூஸிய இசைக்குழுவோடு சேர்ந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஜோர்டி சவால் என்னும் ஸ்பானிய இசை அறிஞர் தம் ஹெஸ்பெரியோன் குழுவில் அரபு, யூத, கிறிஸ்தவக் கலைஞர்களை ஒன்றாக அமர்த்தினார்.

நார்வேயில் பிறந்த ஸிவான்

இவ்வரிசையில் ஒரு தனித்த முயற்சியே 2009 இல் வெளிவந்த ஸிவான் என்னும் இசைத் தொகுப்பு. இதனை அமைத்தவர் நார்வேயின் ஜாஸ் பியானோக் கலைஞர் ஜோன் பால்கே. ஸிவான் என்ற சொல் அல்ஹமியாதோ வழக்கில் சமநிலையைக் குறிக்கும் என்று இக்குழுவினர் விளக்கியுள்ளனர். ஸ்பெயினின் அந்தக் கூட்டு வாழ்வு வன்முறையால் அறுக்கப்படாமல் இருந்திருந்தால், அங்கிருந்து எத்தகைய இசை வளர்ந்திருக்கும் என்ற வினாவே இம்முயற்சியின் வேர்.

பாடியவர் அமீனா அலவி. 1964 இல் ஃபாஸ் நகரில் பிறந்து கர்னாத்தி மரபில் தேர்ந்தவர். அல்ஜீரியாவின் கைருத்தீன் ம்கஷீஷ் வயலின் வாசித்தார். பியார்த்தே ஐகே 2005 இல் நிறுவிய நார்வேயின் பரோக் இசைக்குழு, ஆட்டுக் குடலால் ஆன நரம்புகள் பூட்டிய பழங்கருவிகளோடு அமர்ந்தது. ஈரானின் ஸர்ப் முழவும் சேர்ந்தது. ஜாஸ் உலகிலிருந்து எக்காளம் ஊத வந்தவர் 2021 இல் மறைந்த அமெரிக்கர் ஜோன் ஹஸல்.

இந்த ஹஸலின் கதையில் நமக்கு ஓர் உறவு உண்டு. குரல் போலவே வழுக்கிச் செல்லும் அவருடைய எக்காள நாதத்தை அவர் கற்றது 1970களில் பண்டிட் பிரான் நாத் என்னும் ஹிந்துஸ்தானி இசை ஆசானிடம். லாகூரில் பிறந்த பிரான் நாத்தின் குருவோ கிரானா மரபின் உஸ்தாத் அப்துல் வஹீத் கான். நார்வேயின் தொகுப்பு ஒன்றில் அமெரிக்கர் ஊதும் கமகத்தில் ஒரு முஸ்லிம் உஸ்தாதின் பயிற்சி மறைந்திருக்கின்றது.

பாடல்களின் தேர்வும் கருதத்தக்கது. முஃதமித் தம் துணைவி இஃதிமாதின் பெயரால் பாடியதும், ஸூஃபி ஹல்லாஜின் வரிகளும், சான் ஹுவான் டி லா குரூஸ் என்னும் கிறிஸ்தவ ஞானியின் கவிதையும் ஒரே தொகுப்பில் இடம்பெற்றன.

மூன்றும் எங்கே சந்திக்கின்றன?

பரோக் என்பது 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை. ஜாஸ் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்தது. இவற்றுக்கும் கர்னாத்திக்கும் என்ன பொருத்தம் என்று கேட்கத் தோன்றும்.

பொருத்தம் எழுதப்படாத இடத்தில் இருக்கின்றது. பரோக் இசை ஏட்டில் கீழ்க்குரல் வரிசையும் அதன்மேல் சில எண்களும் மட்டுமே பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களைப் பார்த்து இடையில் உள்ளதை வாசிப்பவர் அப்போதைக்கப்போது நிரப்ப வேண்டும். ஜாஸ் கலைஞரும் சுரக்கூட்டின் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தம் மனத்தால் படைக்கின்றார். அந்தலூஸியப் பாடகரும் தாளமின்றித் தொடங்கும் பகுதியில் பண்ணின் எல்லைக்குள் நின்று தம் போக்கில் விரிக்கின்றார். மூன்று மரபுகளிலும் கலைஞர் என்பவர் ஏட்டைப் படிப்பவர் மட்டும் அல்லர். நம்பி விடப்பட்ட இடத்தைப் பொறுப்போடு நிரப்புகின்றவர்.

வேற்றுமையும் சிறியதன்று. அந்தலூஸியக் குழுவில் அனைவரும் ஒரே இன்னிசையைத்தான் இசைப்பர். ஒவ்வொருவரும் தத்தம் அணிகளைச் சேர்ப்பர். ஐரோப்பியரோ பல சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். அந்த அடுக்கைப் பாட்டின் அடியில் தடிப்பாகப் போட்டால், பண் அமிழ்ந்துவிடும். இவ்வகைக் கலப்புகளுள் பல தோற்பது இங்கேதான். பலமுள்ளவன் வீட்டில் பலமற்றவன் அலங்காரப் பொருளாக வைக்கப்படுகின்றான். ஸிவானில் குரலே நடுவில் நிற்கின்றது. நரம்புக் கருவிகள் அதற்கு வழிவிட்டுப் பின்னே வருகின்றன. சில வேளை வினாவுக்கு விடை போல எதிர்க்குரல் தருகின்றன. விசைக் கருவியும் பேச வேண்டிய இடத்தில் மட்டும் பேசுகின்றது.

வயலினைப் பிடிக்கும் முறையிலும் ஒரு நுட்பம். நார்வே கலைஞர் அதைத் தோளில் வைப்பார். வட ஆப்பிரிக்க அந்தலூஸியக் கலைஞரோ முழங்கால் மேல் செங்குத்தாக நிறுத்தி, ரபாபைப் போல இசைப்பார். அதே கருவி 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் வழியாகக் கருநாடக இசைக்குள் வந்தபோது, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையே வைக்கப்பட்டது. கருவி ஒன்று; வாங்கிக்கொண்ட வீட்டின் வழக்கப்படி அது அமர்கின்றது.

நாமே அவர்கள்

2011 ஜூலை 22 அன்று, முஸ்லிம்கள் மீதும் குடியேறியோர் மீதும் வெறுப்பைக் கக்கிய ஒருவன் நார்வேயில் 77 உயிர்களைப் பறித்தான். கொல்லப்பட்டோருள் பெரும்பாலோர் அந்நாட்டு இளைஞர்கள். 2015 இல் சிரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஐரோப்பாவை நோக்கி வந்த அகதிகள் பலர் மத்தியதரைக் கடலில் மூழ்கினர். ஐரோப்பா முழுவதும் ‘நாம்’, ‘அவர்கள்’ என்று மக்களைப் பிரிக்கும் பேச்சு வலுத்த காலம் அது.

2017 இல் ஸிவான் குழுவின் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘நஹ்னு ஹும்’. நாமே அவர்கள் என்பது பொருள். இம்முறை பாடியவர் அல்ஜீரியாவின் மோனா பூஷபாக். க்வித்ரா என்னும் அல்ஜீரிய யாழையும் மீட்டத் தெரிந்தவர். இஸ்தான்புல்லின் தெர்யா துர்க்கான் கெமன்சே வாசித்தார். மூன்றாம் தொகுப்பு ‘ஹஃப்லா’ 2022 இல் வந்தது. 11 ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் கவிஞர் அவை நடத்திய உமையா குலத்து இளவரசி வல்லாதாவின் கவிதை அதில் பாடப்பட்டுள்ளது. ஓர் ஆட்சி சிதைந்துகொண்டிருந்த காலத்தில் தன் பெயரிலேயே பாடிய அப்பெண்ணின் சொல்லை, ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அல்ஜீரியப் பெண்ணொருவரும் வட ஐரோப்பியக் கலைஞர்களும் சேர்ந்து ஒலிக்கச் செய்தனர்.

இத்தகைய கலப்பு மூல மரபை நீர்த்துப்போகச் செய்யாதா என்ற கேள்வி நியாயமானதே. ஃபாஸிலும் அல்ஜியர்ஸிலும் நூபாவை முழுமையாகக் கற்பிக்கும் ஆசான்கள் இல்லாமற்போனால், ஸிவான் போன்ற முயற்சிகள் வேரில்லாப் பூச்செண்டாகும். அமீனாவோ மோனாவோ நார்வே மேடையில் தயக்கமின்றி நிற்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் தம் மரபைப் பிழையறக் கற்றிருந்ததே. தன் வீட்டின் பாட்டை அறியாதவர் பிறர் வீட்டுக்குச் சென்றால் அங்கே கேட்பவராக மட்டுமே இருக்க முடியும்.

நம் இல்லங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்தலுஸைப் பற்றிச் சொல்லும்போது, கிரனாடாவின் வீழ்ச்சியோடு நிறுத்திவிடுகிறோம். தோல்வியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஏக்கமோ சினமோதான் மிஞ்சும். நூனெஸ் முலேயின் விண்ணப்பத்தையும், மறைவிடத்தில் ஒளித்த ஏடுகளையும், தித்வானில் பாடல்களைத் தொகுத்த அல்ஹாயிக்கின் உழைப்பையும் சேர்த்துச் சொல்லுவோம். ஆட்சியை மீட்க இயலாத மக்கள் தம் நினைவை மீட்டனர்; அதனைப் பூட்டி வைக்காமல், தம்மைத் துரத்திய கண்டத்தின் பிள்ளைகளோடு பகிர்ந்தும் கொண்டனர் என்று சொல்லுவோம். பழைய அரபுத் தமிழ் ஏடு ஒன்று நம் வீட்டுப் பரணில் இருந்தால், அதை இறக்கித் தூசி தட்டி, வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் செய்வோம்.